காயாத மெத்தை

நான் நான்காம் வகுப்பு படித்தபோது அம்மா எங்கள் பள்ளியிலேயே பி.டி. டீச்சராக இருந்தாள். பூனாவின் ஏரவாடா பகுதியில் ஒரு சந்துக்குள், மூன்று மாடி வாடகைக் கட்டடத்தில் நடந்த பள்ளி. வேலூரிலிருந்த பெரியம்மாவுக்குப் பூனா என்றாலே வெளிநாடு. தங்கை வெளிநாட்டில் விளையாட்டு சொல்லிக்கொடுப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தாள். அந்த வெளிநாட்டின் மைதானம் கட்டடத்துக்குப் பின்னால் கிடந்த சிமெண்டுத் தரை. சாமான்கள் என்று பார்த்தால், காற்று நிற்காத இரண்டு பந்துகளும் ஒரு கேரம் போர்டும்.

அம்மா கேட்டுக் கேட்டு அலுத்து, தானே சேகரிக்கத் தொடங்கினாள். பிளம்பரிடம் வாங்கிய குழாய்த் துண்டுகள் தொடர் ஓட்டத்துக்கு. ஆற்றோரம் பொறுக்கிய உருண்டைக் கல் குண்டு எறிய. உயரம் தாண்ட இரண்டு மூங்கிலும் துணி காயப்போடும் கயிறும். தாண்டியவர்கள் விழுவதற்கு எங்கள் வீட்டுப் பஞ்சு மெத்தைகள் இரண்டையும் ஒன்றாகத் தைத்து ஆட்டோவில் கொண்டுபோனாள். கட்கியில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்து தரையில் படுக்க நேர்ந்த அப்பா, இந்த வீட்டில் பள்ளிக்கூடம் போய் உருப்படப்போவது மெத்தை மட்டும்தான் என்பார்.

ஏழாம் வகுப்பு ரேஷ்மாதான் அம்மாவின் பெருமை. இரண்டு சந்து தள்ளி வீடு. அவள் அப்பா தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். தன் நெஞ்சளவு உயரத்தை அநாயாசமாகத் தாண்டுவாள். அவள் தாண்டும்போது அம்மாவின் முகத்தில் வரும் மலர்ச்சி, நான் கணக்கில் முழு மார்க் வாங்கினாலும் வந்ததில்லை.

டிசம்பரில் யாரும் எதிர்பாராத மழை ஒன்று பெய்தது. வெளியே கிடந்த மெத்தை ஊறிக் கனத்துவிட்டது. அம்மாவும் ரேஷ்மாவும் அதை இழுத்துப் போய் மாடிச் சுவரில் காயப்போட்டார்கள். மறுநாளே மகர்பட்டாவிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளின் திறமையைப் பார்த்துப் பிடித்திருந்தால் விளையாட்டுச் சாமான் வாங்கித் தருவார்கள் என்று பேச்சு.

நாங்கள் வரிசையில் நின்றிருந்தோம். எனக்கு இரண்டடி தள்ளிப் பள்ளி முதல்வர் அம்மாவிடம், உயரம் தாண்டுவதைக் காட்டுங்கள் என்று இந்தியில் சொன்னார்.

“மெத்தை இன்னும் காயவில்லை சார். ஓட்டம் காட்டுகிறேன்.”

“ஓட்டத்தைப் பார்த்துவிட்டு யார் மெத்தை தருவார்கள்? கயிற்றைத் தாழ்த்திக் கட்டுங்கள்.”

அம்மா ஜமக்காளம் ஒன்றை நான்காக மடித்துப் போட்டு, கயிற்றை இடுப்பளவில் கட்டினாள். ரேஷ்மா தாண்டினாள். கைதட்டினார்கள். ஃபோனில் படம் எடுத்தவர், படம் சரியாக விழவில்லை, இன்னும் கொஞ்சம் உயரமாக ஒருமுறை என்றார். முதல்வர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ரேஷ்மாவைப் பார்த்தாள். அவள் தலையாட்டினாள். அம்மா கயிற்றை நான்கு விரல் உயர்த்திக் கட்டிவிட்டு விசில் ஊதினாள்.

கயிற்றை அவள் தாண்டிவிட்டாள். இறங்கியபோது ஜமக்காளம் வழுக்கியது. முழங்கை சிமெண்டில் மோதிய சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டது. ரேஷ்மா அழவில்லை. தப்பான பக்கம் மடங்கிக் கிடந்த கையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினாள். ஆட்டோ கிடைப்பதற்குள் விருந்தினர்களின் கார் கிளம்பிப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து முதல்வர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். ரேஷ்மாவின் அப்பா ஓரமாக நின்றிருந்தார். முதல்வர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, விசில் ஊதியது யார் பேட்டா என்று அன்பாகக் கேட்டார். அம்மா என்றேன். கயிற்றை உயர்த்தியது? அம்மா. மெத்தை ஈரம் என்று யாருக்குத் தெரியும்? அதற்கும் அம்மா. மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்ன பெருமையோடு வகுப்புக்குத் திரும்பினேன். அவர் கேட்காத கேள்வி ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் முதல் அம்மா பள்ளிக்கு வரவில்லை.

பத்து நாளில் நீல நிற மெத்தைகள் வந்திறங்கின. தாண்டச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால், சின்ன வகுப்புக்காரர்கள் அவற்றில் உட்கார்ந்து டப்பாச் சோறு சாப்பிட்டோம்.

ரேஷ்மாவுக்கு இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. கை முழுதாக நீளவேயில்லை. அம்மா தினமும் சாயங்காலம், ஆஸ்பத்திரியில் கேட்டுவந்த பயிற்சிகளைச் செய்யவைக்க அவள் வீட்டுக்குப் போனாள். முதல் இரண்டு வாரம் ரேஷ்மாவின் அம்மா கதவைத் திறக்கவில்லை. சந்தில் போகிறவர்கள் பார்க்க, அம்மா அங்கேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வருவாள். வேலை போன பிறகும் அம்மாவுக்கு நான் கிடையாது, ரேஷ்மாதான் என்று நான் அம்மாவிடம் கோபித்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன்.

“அன்னைக்கு ரூம்ல என்னைக் கேட்டாங்கம்மா. நான்தான் உன் பேரைச் சொன்னேன்.”

“தெரியும்.” அவரைக்காயில் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அவர் சொல்லித்தானே நீ ஊதுனே?”

“சொன்னது அவரு. ஊதுனது நான்தானே.” அடுத்த காயை எடுத்துக்கொண்டு, “அந்த மெத்தை வரணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சி” என்றாள்.

நான்காம் வகுப்பில் இருந்த எனக்கு, திறக்காத ஒரு கதவின் முன்னால் அம்மா எதற்காகப் போய் நிற்கிறாள் என்று தெரிந்திருக்கவில்லை. ரேஷ்மாமேல் உள்ள பிரியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.