சோடியாய் வந்த தழும்பு

மொழிபெயர்ப்பு வேலை எண்டால் மற்றவை ஏசவேண்டிய ஆளை விட்டிட்டு உங்களை ஏசுற வேலை. பலெர்மோவில அகதி எண்டு பதிய வாற எங்கட சனத்துக்கும் அதிகாரிக்கும் நடுவில ஒரு கதிரை போட்டு என்னை இருத்தி வைச்சிருக்கினம். அதிகாரிக்குக் கோவம் வந்தால் என்னைத்தான் முறைப்பார். சனத்துக்கு அழுகை வந்தால் என்ர சால்வையிலதான் மூக்குத் துடைக்கும். முந்தி லிபெர்த்தாத் தெருவில ஒரு சிஞ்ஞோராவின்ர, இத்தாலிக்கார அம்மாவின்ர, வீட்டில சட்டி கழுவினனான். சட்டி பாவம், வாய் திறக்காது. உங்களிலயும் ஆரும் இந்தக் கதிரையில இருந்திருந்தால், வாங்கோ, நாங்கள் சொந்தக்காரர்.

புதுச் சட்டம் வந்த பிறகு ஆளை உள்ள விட முதல் பாதுகாப்பு விசாரணை எண்டு ஒண்டு. கைரேகை, போன், உடம்பில இருக்கிற தழும்பு, ஒண்டும் தப்பாது. எங்கட அறையில அதைச் செய்யிறவர் பலெர்மோக்காரர், நல்ல குண்டு மனுசன். இத்தாலியில படிச்ச பெரியாக்களைக் கூப்பிடுற மாதிரி எல்லாரும் தொத்தோரே எண்டுதான் கூப்பிடுறது, நானும் அப்பிடித்தான். ரகசியம் காப்பன் எண்டு கையெழுத்து வைச்சபடியால் இதில வாற பெயரெல்லாம் மாத்தின பெயர்.

பன்னிரண்டு கையுள்ள ஆள்

வவுனியாப் பக்கத்து ஐயா ஒருத்தர் வந்தவர். அவற்ற போனைத் திறந்தால் காலை வணக்கப் படங்கள் கொட்டுப்படுது. தொத்தோரே ஒரு படத்தில நிண்டிட்டார். ஆறு முகம், பன்னிரண்டு கை, கை நிறைய வேலும் வாளும். இது ஆர், இப்ப எங்கை இருக்கிறார் எண்டு கேட்டார். ஐயா கையைக் கும்பிட்டுக்கொண்டு, எங்கையும் இருக்கிறார், இந்த அறைக்குள்ளையும் இருக்கிறார் எண்டார். சொன்னதைச் சொன்னபடி மாத்த வேணும், விளக்கம் குடுக்கக் கூடாது எண்டுறதுதான் எனக்குள்ள சட்டம். மாத்தினன். தொத்தோரே மேசைக்குக் கீழை குனிஞ்சு பார்த்தார்.

கடைசியா எப்ப கண்டனீங்கள்? நேற்று விடியப்புறம், கனவில. அவரிட்ட என்ன கேட்டனீங்கள்? எதிரியளை ஒழிச்சுவிடு எண்டு கேட்டனான். சட்டமாவது மண்ணாவது எண்டு, தொத்தோரே, இவர் எங்கட கடவுள், பேர் முருகன் எண்டு போட்டு உடைச்சன். தொத்தோரே படத்தைக் கிட்டப் பிடிச்சு மயிலையும் ஒருக்காப் பார்த்தார். பேந்து பக்கத்தில இருந்து பதிவு எழுதிறவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எங்கட ஊர்க் காவல் புனிதை சாந்தா ரொசாலியா கையில மண்டையோட்டோட நிக்கிறா, அவவை ஆர் விசாரிச்சது? சாமி எண்டு எழுது."

வாசலில பிடிபட்ட பொதி

மலர் எண்டு ஒரு பிள்ளை. லிபெர்த்தாவில வயசுபோன சிஞ்ஞோரா ஒருத்தியைப் பார்க்கிற வேலை, கையில ஒழுங்கான பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, இருக்குது. புருசன் தவராசா, முல்லைத்தீவு ஆள். மனுசி கூப்பிடுற கடுதாசி வருமட்டும் பொறுக்கேலாமல் தானே வந்திறங்கி, இப்ப நகரத்துக்கு வெளியில ஒரு முகாமில இருக்கிறார். மலர் பல்லரோச் சந்தைக்குப் பின்னால ரெண்டு அறை வீடு எடுத்து, பெரிய கட்டிலும் வாங்கிப் போட்டிட்டு, அதில தனியப் படுக்குது. விசாரணையில தவராசா தவறினால் திருப்பி அனுப்புவினம். அவளுக்கு அந்த ஒரு பயம்தான்.

புருசன்ர விசாரணை அண்டைக்கு அவளும் வந்தாள், வெறுங்கையோட வரலாமோ எண்டு ஒரு பொதியும் கொண்டு. வெள்ளித்தாளில சுத்தி, துணியால கட்டி, மேல கம்பியும் முறுக்கியிருந்தாள். வாசல் மெசினுக்குள்ள போனதும் அது கத்திச்சுது. காவலாளி எல்லாரையும் சுவரோட ஒதுக்கி, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு பிரிச்சார். உள்ள மீன் கட்லெட். அதிகாரியள் பரிசு வாங்கக் கூடாது, திருப்பிக் கொண்டுபோங்கோ எண்டு நான் சொல்லி முடியேல்லை, காவலாளி ஒண்டை வாய்க்குள்ள போட்டிட்டார். கண்ணை மூடிச் சப்பினபடி சொன்னார்: "இன்னும் ரெண்டு சோதிச்சால்தான் ஆபத்தில்லை எண்டு உறுதியாச் சொல்லலாம்."

தவராசாவின்ர வீரம்

உள்ளுக்க தவராசா நல்லாத்தான் தொடங்கினார். ஊர், பேர், படிப்பு, எல்லாம் தெளிவு. பிறகு தொத்தோரே, டொக்டர் உடம்பைச் சோதிச்சு எழுதின துண்டை எடுத்தார். இடுப்புக்குக் கீழ, பின்பக்கம், ரெண்டு தழும்பு. ஒரே அளவு, ஒரே உயரம், நடுவில ஒரு சாண். இது எப்பிடி வந்தது?

தவராசா தொத்தோரேயைப் பார்க்கேல்லை. என்னைப் பார்த்தார். ஒருக்கா இருமினார். இறுதி யுத்தத்தில ஷெல் பட்டது எண்டார். எந்த இடத்தில? ஒரு இடம் சொன்னார். ஆர் மருந்து கட்டினது? ஒருத்தருமில்லை, தானே கட்டினாராம். பின்பக்கத்தில தானே எப்பிடிக் கட்டினது எண்டதுக்குக் கையைப் பின்னால வளைச்சுக் காட்டினார். பக்கத்தில ஆர் நிண்டது? முதல் ஒருத்தருமில்லை, பேந்து நாலு பேர். வேர்த்துக் கொட்டுது, ஆனாலும் மனுசன் விடுறாரில்லை, இன்னும் ஒரு பதுங்குகுழியையும் கொண்டுவந்து செருகிறார். எனக்கு விசர் வந்திட்டுது. அந்த மேசையைச் சுத்திப் போய்க் குட்டவேணும் போல இருந்தது. தொத்தோரே பேனையை மூடி என்னட்டச் சொன்னார்: "ஒண்டில் இவர் சண்டைக்காரன், இல்லாட்டிப் பொய்க்காரன் எண்டு சொல்லு, ரெண்டு பேருக்கும் நான் கையெழுத்து வைக்கேலாது."

பல்லரோவில கத்தரிக்காய்

ரகசியம் காப்பன் எண்டு கையெழுத்து வைச்சவைக்குத்தான் தெரியும், பலெர்மோவில அது என்ன பாடு எண்டு. மற்ற நாள் பல்லரோவில மீன்கடைக்கு முன்னால மலர் என்னைப் பிடிச்சிட்டாள். தன்னையும் சாட்சிக்கு வரச் சொல்லியிருக்கினமாம். அக்கா, அவர் என்னவும் பிழையாச் சொல்லிப்போட்டாரோ?

ஓம் எண்டால் என்ர வேலை போகும். இல்லை எண்டால் பொய். அதால மரக்கறிக்காரனிட்டத் திரும்பி, கத்தரிக்காய் வாங்கத் தொடங்கினன். அவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள், நான் திருப்பித் திருப்பிக் கத்தரிக்காய் பொறுக்கினன். என்ர வீட்டில கத்தரிக்காயை ஒருத்தரும் தொடாயினம், எனக்குத் திண்டால் உடம்பு கடிக்கும். பையைத் தூக்க ஏலாமல் நிக்கேக்க, மலர் அதில ஒரு காதைப் பிடிச்சுத் தூக்கினபடி மெல்லமாச் சொன்னாள்: "நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் அக்கா, கலியாண வீட்டுக்குக் காணக்கூடிய கத்தரிக்காய் வாங்கேக்கையே எனக்கு விளங்கீட்டுது."

சாட்சி

மலரைத் தனிய இருத்தித் தொத்தோரே கேட்டார், புருசன்ர உடம்பில அடையாளம் ஏதும் உண்டோ எண்டு. மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அது அம்மாவின்ர கிடாய் செய்த வேலை எண்டாள். தாலிக்குப் பொன் உருக்கிற பொன்னுருக்கு முடிஞ்ச பின்னேரம் மாப்பிள்ளைக்குப் பொம்பிளையைப் பார்க்க ஆசை வந்திட்டுதாம். கலியாணத்துக்கு முதல் வரக்கூடாதெல்லோ, அதால பின்வேலியால புகுந்தவராம். கிடாய் கட்டாமல் நிண்டது, பின்னால வந்து குத்திப்போட்டுது. அதைக் கொம்பில பிடிச்சு இழுத்ததே தான்தானாம்.

தொத்தோரே ஆதாரம் கேட்டார். மலர் போனைத் தட்டி ரெண்டு படம் காட்டினாள். பொன்னுருக்கில தவராசா தூண்போல நிமிர்ந்து இருக்கிறார். கலியாண மணவறையில, பட்டுவேட்டியும் தலைப்பாகையுமா, ஒரு பக்கம் சரிஞ்சு, ஐயருக்கு மேல விழுகிற மாதிரி இருக்கிறார். தொத்தோரே ரெண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். டொக்டரின்ர துண்டை எடுத்து, ஒரே உயரம், ஒரு சாண் எண்டு வாசிச்சு, ரெண்டு விரலைத் தன்ர நெத்தியில கொம்பா வைச்சுப் பார்த்தார்.

பிறகு தவராசாவைக் கூப்பிட்டார். மனுசன் மலரின்ர முகத்தைப் பார்த்தவுடன தலையைக் குனிஞ்சிட்டார். ஏன் பொய் சொன்னனீர், இதால உம்மைத் திருப்பி அனுப்பியிருப்பினமே எண்டு தொத்தோரே கேட்டார். நான் மாத்தினன். தவராசா தரையைப் பார்த்தபடி, "அங்கை ஊர் முகாமில இருந்த எல்லாருக்கும் ஷெல் காயம் அக்கா, எனக்கு மட்டும் கிடாய் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" எண்டார். அதை ஒரு சொல்லும் விடாமல் மாத்திச் சொன்னன். மலர் எழும்பிப்போய்ப் புருசன்ர முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள், எழும்ப அனுமதி இல்லாத அறையில.

முந்திச் சொன்ன ஷெல் கதையை வெட்டி, கிடாய்க் கதையை எழுதச் சொன்னார் தொத்தோரே. எழுதி முடிய, பேனையைத் தேடி எடுத்துச் சொன்னார்: "கிடாயையும் விசாரிக்கச் சொல்லிச் சட்டத்தில இல்லை, இவையை வீட்டை போகச் சொல்லு."

வாசல் மட்டும் தவராசா எனக்குப் பின்னாலயே வந்தார், இதைப் பல்லரோவில சொல்லிப்போடாதேங்கோ எண்டு கெஞ்சிக்கொண்டு. நான் மூச்சு விடேல்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனால் மீன்காரன்வரைக்கும் கிடாய்க் கதை தெரியும், மலர்தான் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லியிருக்கிறாள்.

இந்தக் கதிரையில இருந்து நான் படிச்ச ஒரே பாடம், எங்கட சனத்துக்கு அரசாங்கத்திட்ட உண்மை சொல்லப் பயமில்லை, பக்கத்தில இருந்து அதை மாத்திச் சொல்லுற ஊர்க்காரியிட்டச் சொல்லத்தான் வெக்கம்.