கடற்கரையில் நான் எடுத்த டீச்சரின் படம்

ஞாயிற்றுக்கிழமை இங்கே முகநூலில் போட்ட படத்தை அழித்துவிட்டேன். கல்லடிக் கடற்கரையில் என் பேத்தியின் வகுப்பு டீச்சர் தனியே இருந்து கதைப் புத்தகம் வாசித்த படம்தான். "கொப்பி திருத்த நேரமில்லை, இதற்கு நேரமிருக்கிறது" என்று எழுதியிருந்தேன்.

இன்று, செவ்வாய்க்கிழமை, பேத்தியைக் கூட்டிவரப் போனேன். டீச்சர் வகுப்பு வாசலுக்கு வந்தார். குரலே இல்லை.

"என்ன டீச்சர், தடிமன், இருமலா?"

"இல்ல அம்மம்மா. முப்பத்தெட்டுப் புள்ளைகளோட கத்திக் கத்தித் தொண்டை போயிட்டு. ஞாயிறு முழுக்க வாய் திறக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். வீட்டில இருந்தா கதைச்சுப் போடுவன். அதான் புத்தகத்தோட கடற்கரைக்குப் போறன்."

படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பார்க்கவில்லைப்போல என்று மூச்சு விட்டேன்.

பேத்தி விடுவாளா? "அம்மம்மா, நேத்து நீங்க சிரிச்சுச் சிரிச்சுக் கேட்ட முதலைக் கதை, டீச்சர் அந்தப் புத்தகத்தில வாசிச்சுச் சொன்னதுதான்!"

பேத்தி அந்தக் கதையைச் சொன்ன அழகை அயலெல்லாம் பீற்றித் திரிந்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குக் கதை வருவதே அவள் வாயால்தான்.

"அடுத்த முறை படம் எடுக்கக்குள்ள சொல்லுங்க அம்மம்மா," என்றார் டீச்சர். "தலை சீவிக்கொண்டு இருக்கிறன்."

பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடக் கேற்றைப் பார்த்து நடந்துவிட்டேன்.

நாளைக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன். "நல்லாக் கேட்டீங்க அக்கா" என்று அந்தப் படத்துக்குக் கீழே எழுதினவர்களே, பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். யார் யார் என்னோடு வாறீங்க?