பாலத்தை எப்படி உடைப்பது

கொழும்பு வெள்ளவத்தையில் தில்லையம்பலத்தாரைப் போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர் வேறொருவர் இல்லை. பாலம் என்று யாராவது சொன்னால் போதும், தொடங்கிவிடுவார். குண்டில் சிதைந்த பாலங்களைத் திருத்த, சீமெந்துக் கலவையில் மெல்லிய உருக்குக் கம்பித் துண்டுகளைத் தூவி ஒரு கொங்கிறீற் செய்வதிலேயே அவருக்குத் தலை நரைத்தது. வெடித்தாலும் அது உதிராது. கம்பிகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அன்று அவருடைய ஆய்வுகூடத்துக்கு ஓர் இராணுவ அதிகாரி வந்தார். இயந்திரம் நசுக்கிய கட்டி, கீறல் விட்டும் சிதறாமல் நின்றதைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "அப்போ, இதை எப்படி உடைக்கலாம்?"

சண்டை நடக்கிற காலம்; கேட்டவன் சீருடைக்காரன், இவரோ யாழ்ப்பாணத்தார். நாக்கை அடக்க வேண்டாமா? மனிதருக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. கரும்பலகையில் பாலத்தைப் படமாகக் கீறி, பழைய கொங்கிறீற்றும் புதியதும் சேரும் பொருத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இதில ஒரு குண்டை வைத்தால் முழுப் பாலமும் போய்விடும், சேர்" என்றார், நல்ல சிங்களத்தில்.

பலகையை அழிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

பின்னேரம் வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி இதையெல்லாம் மனைவி நவமணிக்குச் சொன்னார்.

"ஐயோ, அவனுக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டியளே?"

"ஓம், படமே கீறிக் காட்டினனான்."

வாசலில் இராணுவ ஜீப் ஒன்று வந்து நின்றது.

"ஆளுக்கு ஏதோ விளங்கேல்லைப் போல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு, தில்லையம்பலத்தார் சந்தோஷமாகக் கதவைத் திறக்கப் போனார்.