முகம் மங்கிய பக்கம்

டொரன்டோவில் ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பவர் அவர். நரைத்த கொண்டை, நீலச் சீருடை. பெட்டியில் பதிந்திருக்கும் விரல் தடங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் துடைப்பார். நான் அடிக்கடி போனதில் பழக்கமாகி, என்னோடு தமிழில் பேசுவார்.

ஒரு பெட்டியில், முற்காலத்தில் கிரேக்க மொழியில் கையால் எழுதிய பைபிள் விரிந்திருந்தது. தோல் ஏட்டில் வரைந்த இயேசுவின் முகம் மட்டும் மங்கியிருந்தது. ‘சேதமடைந்தது’ என்றது பக்கத்திலிருந்த அட்டை.

“யாரோ சுரண்டிட்டாங்க போல,” என்றேன்.

“இல்லை தம்பி. சனம் கொஞ்சிக் கொஞ்சி அழிஞ்சுபோச்சுது.”

நான் மதுரைக்காரன். எங்கள் ஊரில் கொஞ்சுவது என்றால் செல்லமாகப் பேசுவது. பேசினால் முகம் அழியுமா? நான் விழிப்பதைப் பார்த்து, விரல்களை உதட்டில் ஒற்றிக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் கொஞ்சுவது முத்தமிடுவது.

“காணாமல் போன என்ர மகன்ர படமும் இப்பிடித்தான். ஒண்டே ஒண்டுதான் கொண்டுவந்தனான். இப்ப அதில முகம் இல்லை.”

“பார்க்க எப்படி இருப்பாரும்மா?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“அதைத்தான் தம்பி நானும் யோசிக்கிறன்.”

பிறகும் அங்கே போயிருக்கிறேன். அட்டையில் இன்னும் சேதம் என்றுதான் எழுதியிருக்கிறது.