வேர் பிடித்த பந்தல்கால்கள்

1. படுத்த பந்தல்

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வருடங்கள். கம்பம் ஊருக்கு மேலே, மலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் துரை பங்களாவின் காய்கறித் தோட்டம் என் பொறுப்பு. சேர்ந்த முதல் மழையிலேயே பீன்ஸ் பந்தல் படுத்துவிட்டது. மூங்கில் கால்கள் அடியில் மக்கிப்போயிருந்தன. மலை மழைக்குக் காய்ந்த கம்பு எதுவும் தாங்காது.

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வந்து பார்த்தார். வேலையாட்கள் குடியிருக்க லைன் ரூம் கொடுப்பது அவர்தான். நானோ கல்யாணமான கையோடு பொன்னுத்தாயைச் சுருளிப்பட்டியில் என் அம்மாவோடு விட்டுவிட்டு மலையேறியவன். குடும்ப ரூம் கேட்டுக் கேட்டு அவர் காதைப் புளிக்க வைத்திருந்தேன்.

"ஏலே, ஒரு பந்தல நிறுத்தத் தெரியல, ஒனக்குக் குடும்ப ரூம் கேக்குதா? அடுத்த மழைக்குப் பந்தல் நிக்கட்டும். பெறகு பாப்போம்."

செத்த கம்பு வேண்டாம், உயிருள்ள கம்பையே நட்டு வளர்ப்போம் என்று முடிவு செய்தேன்.

2. கம்பு மலையேறியது

சித்திரையில் ஊருக்கு இறங்கினேன். எங்கள் கல்யாணப் பந்தலில் அரசாணிக்காலாக நட்ட முள்முருங்கைக் கிளையைப் பொன்னுத்தாய் கொல்லையில் ஊன்றி மரமாக்கியிருந்தாள். அதிலும் பக்கத்து வேலிகளிலுமாக, மணிக்கட்டுப் பருமனில் கம்பு வெட்டினேன். அவள்தான் கட்டுக் கட்டினாள்.

"கம்பு மலையேறுது. நான் எப்ப ஏறுறது?"

"பந்தல் நிக்கட்டும்."

"நிக்கும். நீங்க அவசரப்படாம இருந்தாச் சரி."

கம்புகளை நிழலில் சாத்தி, வெட்டுவாய் காய்ந்ததும் நட்டேன். மேல்நுனி காயாமலிருக்கச் சாணி உருண்டை. கோடை மழைக்கு எல்லாம் துளிர்த்துவிட்டன. துளிரைப் பார்த்ததும் விதை போடக் கை துறுதுறுத்தது. ஆனால் துளிர் ஆளை ஏமாற்றும்; கம்பில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே வந்துவிடும், கீழே ஒரு வேர்கூட இருக்காது. தினமும் போய் அசைத்துப் பார்த்தேன். ஆவணியில் ஒரு கம்பும் அசையவில்லை. அதன்பிறகே பீன்ஸ் ஊன்றினேன்.

ஐப்பசிக் காற்று பங்களாக் கூரையின் ஓடுகளையே தூக்கிப்போட்டது. பந்தல் நின்றது. ரைட்டர் ஒரு பந்தல்காலை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். குடும்ப ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

3. குடும்ப ரூம்

சாவியை மடியில் முடிந்துகொண்டு ஊருக்கு ஓடினேன். அம்மா வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து கிடந்தார். பொன்னுத்தாய் சாவியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"அத்தைய இப்பிடிப் போட்டுட்டு எப்பிடி வர? எந்திரிச்சு நடமாடட்டும், வாரேன்."

அம்மா எழுந்திருக்கவே இல்லை. படுக்கையிலேயே பல வருடம் இருந்தார். அப்புறம் பிள்ளைகள், அவர்கள் படிப்பு. இது முடியட்டும், அது முடியட்டும் என்றே இருவரும் சொல்லிக்கொண்டோம். பொங்கலுக்கும் சித்திரைக்கும் நான் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். நான் பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டு, ராத்தங்க ஆளில்லாத அந்தக் குடும்ப ரூமில் விதை பீன்ஸும் மண்வெட்டியும் வைத்திருந்தேன்.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கால் வேர் பிடிக்கும்முன் கொடியை ஊன்றாதீர்கள். தோட்டத்தில் இது ஒருநாளும் தப்பியதில்லை. வீட்டுக்கும் இதையே வைத்துக்கொண்டோம். பொன்னுத்தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த மலையை அவள் அடிவாரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள்.