ஜெர்மன் அண்ணை நடத்திய தேர்தல்

போன கிழமை ஒரு பெண் வேட்பாளர் என் வீட்டுக் கதவைத் தட்டி, துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தந்து, இந்த வட்டாரத்தில் என்ன குறை என்று கேட்டார். எனக்கு என் முழங்கால் வலிதான் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு நகரசபை என்ன செய்யும்? அவர் போனபிறகும் புதுக் கடதாசியின் மை மணம் விரலில் நின்றது. அந்த மணத்தோடு நினைவில் வந்து சேர்ந்தார் ஜெர்மன் அண்ணை.

முழுப்பெயர் சிவபாதசுந்தரலிங்கம். இங்கே கனடாவில், ஸ்காபரோவிலிருந்து பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசுக்கு என் பழைய வான் வண்டியில் நாங்கள் ஐந்துபேர் வேலைக்குப் போய்வந்த காலம் அது. அண்ணை எனக்குப் பக்கத்து சீற்றில் இருப்பார். அவருடைய கோட்டுப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஜெர்மன் தேர்தல் பிரசுரம் எப்போதும் இருக்கும். அதில் மீசையும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

ஜெர்மனியின் சின்ன நகரமொன்றில், உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கியவர். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் கட்சிக்கூட்டம் நடந்ததாம், சூப்பும் கொடுத்தார்களாம். சூப் நன்றாக இருந்ததால் அடுத்த கூட்டத்துக்கும் போனார். மூன்றாவது கூட்டத்தில் கதிரை அடுக்கினார். குடியுரிமை கிடைத்ததும், நகரசபைத் தேர்தலில் பட்டியல் நிரம்பவேண்டுமே என்று கடைசி இடத்தில் அவர் பெயரைப் போட்டார்கள். ஆனால் அங்கே பிடித்த வேட்பாளர் பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும், அவருக்கு மேலதிகமாகவும் புள்ளடி போட்டு வாக்களிக்கலாம். அதற்குள் அண்ணை பரிமாறுபவராக உயர்ந்திருந்தார். நகரத்தில் பாதிப்பேர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். கடைசி இடத்துக்காரர் வென்றுவிட்டார்.

"என்ர பேரை அவங்கள் பிழையில்லாமல் சொல்லுவாங்கள். நீளமான சொல்லுக்குப் பயப்பிடாத சனம்" என்பார்.

ஒரு தவணை முழுக்கச் சபையில் இருந்தார். சாதனை, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பொதுக் கழிப்பறை. அதற்காக, முகம் பார்க்காத இரண்டு கட்சிகளைத் தான் ஒரே மேசையில் இருத்திய விதத்தை 401 நெடுஞ்சாலையில் எத்தனையோ காலைகள் விளக்கியிருக்கிறார். அடுத்த தேர்தலில் தோற்றார். மனைவியின் சகோதரங்கள் எல்லோரும் ரொறன்ரோவில் இருந்ததால் இங்கே வந்து, எங்களோடு பெட்டி அடுக்கினார். பின்சீற்றுக் குகன் இந்தக் கதை எதையும் நம்பவில்லை. 'கக்கூஸ் மந்திரி' என்று பட்டம் வைத்தான். நேசன் என்ற இன்னொருவர் நம்பினாரா இல்லையா என்று தெரியாது. வானில் ஏறினால் நித்திரைதான்.

ஐந்தாவது ஆள் ராணி அன்ரி. அவருடைய கட்டடத்தில் லிஃப்ட் பாதிநாள் ஓடாது. பத்தொன்பதாம் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் எங்களுக்கு நேரம் போய்விடும். ஒருநாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, இனியும் பிந்தினால் வானோடு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். அன்ரியை விட்டுவிடுவோம் என்று குகன் கத்தினான். வான் இல்லாவிட்டால் அன்ரிக்கு மூன்று பஸ், அதாவது வேலை இல்லை. "அன்ரி பாவமடா" என்று எல்லோரும் கேட்கச் சொன்னவன் நான்.

அண்ணை சனிக்கிழமை கோப்பிக் கடையில் கூட்டம் வைத்தார். கடதாசியில் நிகழ்ச்சி நிரல் வேறு. அன்ரி தன் பக்கத்தைச் சொல்லிவிட்டு, தேத்தண்ணியோடு தள்ளி ஒரு மேசையில் போய் இருந்தார். கையை உயர்த்துவோம் என்றான் குகன்.

"கையெல்லாம் வேண்டாம். உதில எழுதுங்கோ. ஆர் எழுதினதெண்டு ஆரும் கேக்கக்கூடாது" என்று அண்ணை ஒரு நப்கினை நாலாகக் கிழித்தார். நேசனை எழுப்பினோம்.

'வைச்சிருப்பம்' மூன்று, 'விடுவம்' ஒன்று. எல்லோரும் குகனைப் பார்த்தோம். அவன் சிவந்துபோய், என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் கோப்பியை எடுத்துக் குடித்தான். அண்ணை நாலு துண்டையும் மிச்சக் கோப்பிக்குள் அமுக்கிக் கலக்கினார்.

அந்த 'விடுவம்' நான் எழுதியது. கத்திய குகன் எழுதியது 'வைச்சிருப்பம்'. தினமும் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்கிறவன் நான்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அண்ணை இரண்டாவது விடயத்துக்கு வந்தார். அன்ரியின் கட்டடம் 401க்கு ஏறும் வழியில்தானே இருக்கிறது, ஏன் அவரை முதலில் ஏற்றுகிறோம், கடைசியில் ஏற்றினால் இருபது நிமிடம் கிடைக்குமே என்றார். ஒன்றரை வருடமாக எங்கள் ஒருவருக்கும் தோன்றாத விஷயம். அதற்குப் பிறகு நாங்கள் பிந்தவில்லை. திங்கட்கிழமை வானில் ஏறிய குகன், ஜெர்மனியில் அந்தக் கழிப்பறை இன்னும் இருக்கிறதா என்று மரியாதையாக விசாரித்தான்.

ராணி அன்ரி ஒவ்வொரு திங்களும் எனக்கு ஒரு டப்பா நிறைய மட்டன் ரோல்ஸ் கொண்டுவரத் தொடங்கினார். அண்ணைக்கும் நேசனுக்கும் இரண்டிரண்டு. குகனுக்கு இல்லை. பக்கத்தில் இருந்து நான் எழுதியதைக் கண்டிருந்தும் அவன் ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பின்சீற்றில் யன்னலைப் பார்த்தபடி பாண் சாப்பிடுவான். நான் ரோல்ஸ் சாப்பிடுவேன்.

வெயார்ஹவுஸ் வேறெங்கோ போய்விட்டது. வான் பழைய இரும்பாயிற்று. கோப்பிக் கடை இப்போது மருந்துக்கடை. அண்ணை மகளோடு விட்பி நகருக்குப் போனார், பிறகு தொடர்பில்லை. ராணி அன்ரி முந்தின வருடம் காலமானார். அந்த ரோல்ஸ்போல இந்த நகரத்தில் ஒரு கடையிலும் இல்லை. நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் குகனுக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கும்.