இந்தப் படத்தில் இருக்கிற மஞ்சள் யாருடையது?

கவரைப் பிரித்துப் படத்தைப் பார்த்த கையோடு சட்டென்று நிமிர்ந்து நம் முகத்தைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வையை ஒரு நாளைக்கு முப்பது தடவை வாங்கிக்கொள்வதற்குப் பெயர்தான் கலர் லேப் வேலை.

டிஜிட்டல் கேமரா ஊருக்குள் பரவி, ஆளாளுக்கு மெமரி கார்டையும் சி.டி.யையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்த காலம். காரைக்கால் கடைத்தெருவில் ஒரு கலர் லேபில் நான் பிரிண்ட் ஆப்பரேட்டர். படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து, சிவப்பு தூக்கலாக இருந்தால் குறைத்து, மஞ்சள் ஏறியிருந்தால் இறக்கி, மிஷினுக்கு அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேரும்போது இவ்வளவுதான் சொன்னார்கள். நாள் முழுக்க யாராவது நம்மைச் சந்தேகப்படுவார்கள், நாமும் யாரையாவது சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. தைத்துக் கொடுத்த சட்டை ஏன் இறுக்குகிறது என்று பேச்சு வாங்கிய டெய்லர்களே, டிவியைப் பிரித்து மூடியதற்காகத் திருடன் பட்டம் வாங்கிய மெக்கானிக்குகளே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை வீட்டுச் சதி

மண்டபத்தூரில் ஒரு கல்யாணம். வீட்டு வாசலை அடைத்துச் சிவப்புத் துணியில் பந்தல் போட்டிருந்தார்கள். உச்சி வெயில் அந்தத் துணி வழியாக இறங்கினால் என்ன ஆகும்? உள்ளே இருந்த அத்தனை பேரும் மிளகாய்த் தூளில் புரண்டு எழுந்த மாதிரி படத்தில் விழுந்திருந்தார்கள். என்னால் முடிந்த மட்டும் சிவப்பை இறக்கினேன். ஓரளவுக்கு மேல் இறக்கினால் புடவைகள் செத்துப்போகும். அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் பெண்ணின் தாய்மாமன் வந்தார். படங்களைக் கவுண்டரில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார். "பொண்ணு செவப்பு, பொண்ணோட அம்மா செவப்பு, நான் செவப்பு. என்னம்மா இது?" என்றார். பந்தல் துணியின் நிறம்தான் முகத்தில் விழுந்திருக்கிறது என்றேன். ஆதாரமாக, வெளியே தெருவில் நின்று எடுத்த படங்களைத் தனியாக எடுத்து வைத்தேன். அதில் எல்லோரும் நல்ல நிறத்தில் இருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வெளிய நிக்கிறது பூரா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. அவங்க மட்டும் நல்லா விழுந்திருக்காங்கன்னா, போட்டோகிராபருக்கு அவங்க ஏதோ கொடுத்திருக்காங்கம்மா."

கடல் பார்க்காத மிஷின்

கிளிஞ்சல்மேட்டுக்காரர் ஒருவர் புது ஃபைபர் போட் வாங்கியிருந்தார். நீல நிறம். போட்டுக்கு முன்னால் நின்று, பின்னால் கடலும் மேலே வானமும் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டு வந்தார். பிரிண்ட் வந்தது. போட் சாம்பல் நிறம். கடல் கழனித் தண்ணீர். அவர் முகம் சுட்ட செங்கல்.

எங்கள் மிஷினில் தானாகவே நிறம் திருத்துகிற வசதி ஒன்று உண்டு. ஒரு படத்தில் ஏதாவது ஒரு நிறம் அளவுக்கு மீறித் தெரிந்தால், இதில் கோளாறு இருக்கிறது என்று அது சந்தேகப்பட்டுவிடும். நீலப் போட், நீலக் கடல், நீல வானம் என்று வந்த படத்திலிருந்து நீலத்தை உருவி எடுத்துவிட்டது. நீலம் போன இடத்தில் மஞ்சள் ஏறி முகம் செங்கல் ஆனது. அந்த வசதியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன், சரியாக வந்தது. நடந்ததை அவருக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மிஷினைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "கடற்கரையிலேயே கடையைப் போட்டுட்டு, இதுக்கு ஒரு நாளாவது கடலைக் காட்டுனீங்களா தங்கச்சி?"

ரெண்டு மூடி

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் பாஸ்போர்ட் படத்துக்காக எங்கள் கடையில் உட்கார்ந்தார். பின்னால் வெள்ளைத் திரை. படத்தில் திரை இளநீலமாக விழுந்திருந்தது. கொடுத்த இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி எடுத்தோம், மறுபடி நீலம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எனக்கு பாஸ்போர்ட் கிடைக்கக் கூடாதுன்னு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?" என்றார். நான் கேமராவைச் சந்தேகப்பட்டேன், விளக்கைச் சந்தேகப்பட்டேன், பேப்பரைச் சந்தேகப்பட்டேன். கேமராவைக் கழற்றி அவர் முன்னாலேயே துடைத்துக்கூடக் காட்டினேன். அப்போது கடையைப் பெருக்கித் துடைக்கிற லட்சுமி அக்கா, திரையைத் தடவிப் பார்த்துப் பெருமையாகச் சொன்னது: "வெள்ளை மங்கிக் கெடந்துச்சுன்னு போன வாரம் தொவைக்கையில சொட்டு நீலம் ரெண்டு மூடி கூடவே ஊத்துனேன், பளிச்சுன்னு இல்ல?"

எது நிசம்?

ஒரு நாள் சாயங்காலம் கறுப்புப் புர்கா போட்ட ஒரு அம்மா வந்து, ஒரே பெண்ணின் இரண்டு படங்களைக் கவுண்டரில் வைத்தார். சபர் போய்த் துபாயில் வேலை பார்க்கிற தன் தம்பிக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். ஒரு படம் நாகூரில் பிரிண்ட் போட்டது, இன்னொன்று எங்கள் கடையில் போட்டது. கேமராவில் இருந்தது ஒரே படம்தான். நாகூர்ப் படத்தில் பெண் பச்சை வாடையடித்து, நோயில் கிடந்து எழுந்தவள் மாதிரி இருந்தாள். எங்கள் படத்தில் ரோஜா நிறம்.

"அல்லாவுக்காக உண்மையைச் சொல்லு. பொண்ணு வீட்டுல சொல்லித்தானே வெளுப்பாக்குன?" என்றார், நாங்கள் லாத்தா என்று கூப்பிடுகிற அந்த அம்மா. இல்லை, டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்ததால் பச்சை விழுந்திருக்கிறது, அதைத்தான் எடுத்தேன் என்றேன். "அப்ப எது நிசம்?" என்றார். பெண்ணை நான் பார்த்ததே இல்லை. பச்சையை எடுக்கிறேன் என்று கொஞ்சம் கூடுதலாக எடுத்திருந்தால்? ஒரு பட்டனை ஒரு தட்டுக் கூட்டித் தட்டியதில் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனால்? பெண் வீட்டுப் போன் நம்பர் கவரில் இருந்தது. கூப்பிட்டு, பெண்ணை ஒரு தடவை கடைக்கு அழைத்து வர முடியுமா என்று கேட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தாயும் பெண்ணும் வந்தார்கள். பெண்ணின் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்தேன். நான் பயந்தது சரிதான், ரோஜா கொஞ்சம் அதிகம். அவள் முன்னாலேயே திருத்தி, அவள் எப்படி இருந்தாளோ அப்படி ஒரு பிரிண்ட் போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு இதைக் கொடுங்கள் என்றேன். தாய்க்கு முகம் வாடிவிட்டது. பெண் கொஞ்சமும் அசரவில்லை. கைப்பையைத் திறந்து, துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளையின் படத்தை எடுத்து என் முன்னால் வைத்துக் கேட்டாள்: "அப்படியே இதையும் ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்கக்கா, இந்தச் செவப்பு அவரோடதா, கடையோடதா?"

மாரிமுத்து அண்ணனின் வெள்ளைச் சட்டை

இது நான் பெருமைப்படுகிற கதை இல்லை. ஒரு வாரமாகப் போட்ட படங்களெல்லாம் ரோஸ் அடித்துத் திரும்பி வந்தன. காலையில் மிஷினைத் திறந்ததும் நிறம் சரியா என்று ஒரு சோதனைப் பட்டை அடித்துப் பார்ப்போம், அது சரியாகவே இருந்தது. காலையில் போட்ட படங்களும் சரி. மதியத்துக்கு மேல் போட்டவைதான் மோசம். படம் கழுவுகிற மருந்தை மிஷினுக்குக் கலக்குகிறவர் மாரிமுத்து அண்ணன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தலத்தெருவிலிருந்து சைக்கிளில் வருவார். மதியம் ஒரு தடவை மருந்து ஊற்றுவார். எனக்குள் முடிச்சு விழுந்துவிட்டது. அவர் அளவைக் குறைக்கிறார், அல்லது தண்ணீர் விடுகிறார். அவர் ஊற்றும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். நான்காம் நாள் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். முதலாளி அவரை, "ரெண்டு நாள் வீட்ல இரு" என்று அனுப்பிவிட்டார்.

அந்த இரண்டு நாளும் மருந்தை நானே அளந்து ஊற்றினேன். மதியத்துக்கு மேல் ரோஸ் வந்தது.

இரண்டாம் நாள் மதியம் மாரிமுத்து அண்ணன் விட்டுப்போன டிபன் கேரியரை எடுக்க வந்தார். நான் மேஜையில் ஒரு படத்தின் முதல் பிரிண்டை வைத்துப் பார்த்து, பச்சையாகத் தெரிகிறதே என்று பச்சையைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய் விளக்கடியில் பார்த்தார். அங்கே அதில் பச்சை இல்லை. திரும்பி வந்து, வாசல் கண்ணாடிக் கதவுக்கு நேராக நின்றார். அவருடைய வெள்ளைச் சட்டை கிளிப்பச்சையாக இருந்தது. எதிர் ஜவுளிக் கடைக்காரர் முந்தின வாரம்தான் சுவர் முழுக்கக் கிளிப்பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். மதிய வெயில் அந்தச் சுவரில் பட்டு, கண்ணாடி வழியாக நேரே என் மேஜையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. படத்தில் இல்லாத பச்சையை நான் எடுக்க எடுக்க, வெளியே போன படம் ரோஸாகிக்கொண்டிருந்தது. முதலாளி மறுநாளே கதவுக்குத் திரை போட்டார். அண்ணன் வேலைக்குத் திரும்பினார். மன்னிப்புக் கேட்டேன். அவர் மருந்தை அளந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "நாலு நாளா என் கையையே பாத்துக்கிட்டு நின்னியேம்மா, ஒரு தரம் தலையைத் தூக்கி எதுத்தாப்புல பாத்திருக்கக் கூடாதா?"

கண்ணில் இருந்த மஞ்சள்

அதற்குப் பிறகு என் கண்ணை நானே நம்புவதில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கருக்களாச்சேரியிலிருந்து மீன் ஏலம் எடுக்கிற ஒருவர் மனைவியோடு வந்தார். மகளின் பிறந்தநாளுக்கு எடுத்த குடும்பப் படத்தை நாங்கள் போட்டுக் கொடுத்திருந்தோம். "எல்லாரும் நல்லா இருக்காங்க, என் கண்ணு மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு? ஒழுங்கா போட்டுக் குடுங்க" என்றார்.

வாசல் திரையைப் பார்த்தேன். காலைச் சோதனைப் பட்டையை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் போட்டு மஞ்சளை இறக்கினேன். அவருடைய வெள்ளைச் சட்டை நீலமாயிற்று. அவர் மனைவி நெற்றியில் இருந்த திருநீறு நீலமாயிற்று. மகளின் பல்வரிசை நீலமாயிற்று. அவர் கண் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. "அண்ணே, கொஞ்சம் வெளிய வெளிச்சத்துல வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். மஞ்சள் படத்தில் இல்லை.

எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கித்தான் சொன்னேன், எதற்கும் பெரியாஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று. மனிதர் கொதித்துவிட்டார். "ஒன் மிஷின் கோளாறை மறைக்க என்னை நோயாளி ஆக்குறியா?" என்று கத்திவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். மனைவி மட்டும் நின்றார். "பத்து நாளா சோறு எறங்கலைங்குது, கேட்டா வெயிலுங்குது" என்றார். நான் மஞ்சளை இறக்கிய பிரிண்ட் ஒன்றும் இறக்காத பிரிண்ட் ஒன்றும் போட்டு அவர் கையில் கொடுத்தேன். "ரெண்டுலயும் சட்டையைப் பாருங்க, கண்ணைப் பாருங்க. அவருக்கும் காட்டுங்க." அவர் இரண்டையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் எந்தத் தகவலும் இல்லை. மிஷின் கோளாறு என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பார்களோ, அல்லது அதைவிட மோசமாக ஏதாவது ஆகியிருக்குமோ என்று இரண்டு விதமாகவும் பயந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலை புருஷன் பெண்டாட்டி இருவரும் வந்தார்கள். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். மஞ்சள் காமாலை, முற்றிப்போய் இருந்ததாம், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம், படுக்க வைத்து வைத்தியம் பார்த்து இப்போதுதான் விட்டிருக்கிறார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். புருஷன் என்னவோ வழக்கம்போல விறைப்பாகத்தான் இருந்தார். நேராகப் படம் எடுக்கிற ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டு, கண்ணை அகல விரித்துச் சொன்னார்: "டாக்டரு மஞ்ச சுத்தமா எறங்கிடுச்சுங்கிறாரு, எனக்கு நம்பிக்கை இல்ல, நீ ஒரு படம் எடுத்துப் பாத்துச் சொல்லு தங்கச்சி."

இப்படி ஊரில் உள்ள முகத்துக்கெல்லாம் நிறம் திருத்திக் கொடுத்த என்னுடைய சொந்தப் படம் பாங்க் பாஸ்புக்கில் லேசாக ஊதா அடித்துக் கிடக்கிறது, அதற்கு யாரைச் சந்தேகப்படுவது என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.